ஆயுதக் கொட்டிலில் ஔவையார்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போனால் காஞ்சிபுரம். பட்டுக்கும் கோயிலுக்கும் நாம் போய்வரும் அந்த ஊர்ப் பக்கம் நடந்ததாகச் சொல்லப்படும் ஓர் அரசியல் பேச்சுவார்த்தையை இந்த இதழில் பார்ப்போம். பேசப் போனவர் ஒரு புலவர்.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பகுதியை, ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் நம் தொண்டை நாட்டு மன்னன். அவன் தலைநகர் காஞ்சி என்பது மரபு.

வந்தவரைத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். வாய் திறக்காமல் விடுத்த மிரட்டல் அது. அதற்கு ஔவையார் தந்த பதில்தான் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்குள்ள ஆயுதங்கள் அலங்காரத்தோடும் நெய்ப்பூச்சோடும் காவலுக்குள் பத்திரமாக இருப்பதாக முதலில் புகழ்கிறார். அதியமானின் வேல்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறைக்குப் போய்விட்டன என்கிறார்.

இதன் பொருளை நம் பகுதி ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிரீஸ் தடவி ஸ்டோர்ஸில் அடுக்கிய டூல் என்றும் புதிதாகத்தான் இருக்கும். தினமும் ஓடும் டூல்தான் தேய்ந்து கிரைண்டிங்குக்குப் போகும்.

இதையே ஒரு தளபதி நேரடியாகச் சொல்லியிருந்தால் அங்கேயே பகை முற்றியிருக்கலாம். புகழ்ச்சியாகச் சொன்னதால் மன்னனின் மானமும் கெடவில்லை, எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்தது. அதற்காக ஔவையாரை நடுநிலையாளர் என்று நினைக்க வேண்டாம். அவர் அதியமான் பக்கம் நின்றவர். இருப்பதை இல்லாதவர்களோடு பகிர்ந்து உண்பவன் என்று அதே பாட்டில் அவனைப் போற்றவும் செய்கிறார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குள் தொண்டைமான் பெயரே இல்லை. தூதுக் கதையைச் சொல்வது பாட்டின் கீழே பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட குறிப்புதான். தூதின் முடிவு என்ன என்பதை அதுவும் சொல்லவில்லை.

கவிதையால் எல்லாப் போரையும் தடுக்க முடியவில்லை. பின்னாளில் தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய இரங்கற்பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக இருக்கிறது.

அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 95ஆம் பாட்டு 9 அடிகள்தான். காரிலேயே படித்து முடித்துவிடலாம்.