தண்ணீர் ஒட்டாத ஜாக்கெட்... எண்ணெய் ஊறாத பேப்பர்... பின்னால் இருக்கும் 'நிரந்தர ரசாயனம்' பற்றித் தெரியுமா?

பைக்ல போறப்போ திடீர் மழை. ஜாக்கெட் மேல விழுந்த தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. 'செம குவாலிட்டி'ன்னு நினைச்சிருப்பீங்க. அந்த மாயத்தைச் செய்வது பி.எஃப்.ஏ.எஸ் என்ற ரசாயனக் குடும்பமாக இருக்கலாம். பனியன் ஊரான திருப்பூருக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அது என்ன பி.எஃப்.ஏ.எஸ்?

கார்பனும் ஃப்ளோரினும் இறுகப் பிணைந்த ஆயிரக்கணக்கான செயற்கைச் சேர்மங்கள். இவை பூசிய பரப்பில் தண்ணீர், எண்ணெய், கறை எதுவும் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ரெயின் ஜாக்கெட், பீட்சா பெட்டி, பெட்ரோல் தீயை அணைக்கும் நுரை எனப் பல இடங்களில் நுழைந்துவிட்டன.

அந்தப் பிணைப்பு இயற்கையில் லேசில் உடையாது. மண்ணிலும் நீரிலும் நம் ரத்தத்திலும் தங்கிவிடும். 'நிரந்தர ரசாயனம்' என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

திருப்பூரில் எங்கே வருகிறது?

சாதாரண காட்டன் டி-ஷர்ட்டுக்கு இது தேவையே இல்லை. ஸ்போர்ட்ஸ் வேர், ஜாக்கெட், 'கறை படியாத' துணிகள்... இவற்றின் ஃபினிஷிங்கில்தான் பயன்படும். சாயம் ஏற்றிய துணியை ரசாயனக் கரைசலில் முக்கி, பிழிந்து, ஸ்டென்டர் மெஷினில் சூடேற்றுவார்கள். மிஞ்சிய கரைசல் கழிவுநீரோடு சேரும்.

நொய்யல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயக்கழிவால் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழாகி, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது.

ஆனால், சாயம் கண்ணுக்குத் தெரிந்தது. பி.எஃப்.ஏ.எஸ்-க்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆர்.ஓ சவ்வு அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும், அழிக்காது. மிஞ்சும் செறிந்த கழிவில் அது அப்படியே இருக்கும். எனவே, பயன்படுத்தாமல் விடுவதே நல்ல வழி.

உலக நாடுகள் என்ன செய்கின்றன?

* டென்மார்க்: காகித உணவு பேக்கேஜிங்கில் 2020-லேயே தடை.
* கலிஃபோர்னியா: 2025 ஜனவரி 1 முதல் புதிய துணிகளில் தடை, சில விதிவிலக்குகள் உண்டு.
* பிரான்ஸ்: 2026 ஜனவரி 1 முதல் உடை, காலணி, அழகுசாதனப் பொருள்களில் தடை, பாதுகாப்பு உடைகளுக்கு விலக்கு.
* ஐரோப்பிய ஒன்றியம்: 2026 ஆகஸ்ட் முதல் உணவு பேக்கேஜிங்கில் கடும் வரம்பு. 2026 அக்டோபர் முதல் பொதுமக்கள் அணியும் உடைகளில் பி.எஃப்.ஹெச்.எக்ஸ்.ஏ என்ற வகைக்குக் கட்டுப்பாடு. தீயணைப்பு நுரையைப் படிப்படியாக நிறுத்த 2025 அக்டோபரில் தனி விதி.

இந்தியாவில், உணவு பேக்கேஜிங்கில் இதைத் தடை செய்யும் வரைவை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வெளியிட்டது. துணிகளுக்கு அப்படியொரு வரம்பு இல்லை.

இங்கேதான் சிக்கல். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கை லேபில் டெஸ்ட் பண்ணச் சொல்லி பையர் கேட்பார். ஃப்ளோரின் இல்லாத ஃபினிஷும் சந்தையில் இருக்கிறது. ஆனால், உள்ளூர்க் கடைக்கு வரும் சரக்கை யார் கேட்பது? நாமதான் கேட்கணும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* தினசரி உடையில் 'ஸ்டெயின் ரெசிஸ்டன்ட்', 'வாட்டர் ரிப்பெல்லன்ட்' உங்களுக்கு நிஜமாகவே தேவையா என யோசியுங்கள்.
* ரெயின் ஜாக்கெட் வாங்கும்போது 'ஃப்ளோரின் ஃப்ரீ', 'பி.எஃப்.ஏ.எஸ் ஃப்ரீ' என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் கேள்வி பகுதியில் கேளுங்கள்.
* பார்சல் பேப்பரில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடுங்கள். ஊறிப் பரவாமல் முத்தாக நின்றால் சந்தேகப்படலாம். இது ஒரு அறிகுறிதான், நிரூபணம் அல்ல.
* பரோட்டா பார்சலுக்கு வாழை இலை கேளுங்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா கொண்டு போனால் இன்னும் நல்லது.

பனியன் கம்பெனியிலோ ஃபினிஷிங் யூனிட்டிலோ வேலை பார்க்கிறீர்களா? டிரம்மில் வரும் ரசாயனத்தோடு பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று இருக்கும். அதில் 'ஃப்ளோரோ' என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என ஒருமுறை பாருங்கள். இருந்தால் சூப்பர்வைசரிடம், 'இதுக்கு மாற்று இருக்கே, ஏன் வாங்கலை?' என்று கேளுங்கள். நொய்யல் விஷயத்தில் கேள்வி கேட்க ரொம்ப தாமதமாகிவிட்டது. இந்த முறை முன்கூட்டியே கேட்போமே!