நிதானம் என்ற சொல்

தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ‘நிதானம்’ புதுச் சொல் இல்லை. பால் வாளி தளும்பிவிடுமே என்று ‘நிதானமா வாம்மா’ என்பார் அம்மா. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் மணிமேகலையின் கடைசிக் காதையைப் படித்தேன். உரையில் ‘பன்னிரு நிதானங்கள்’ என்றிருந்தது. துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கும் பன்னிரண்டு காரணங்களாம். நிதானம் என்றால் காரணமா? 1979-இல் அந்தக் கேள்வியை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்தேன். இன்று என் ஜெலாப்பாங் வீட்டு அலமாரியில் அப்படி 31 நோட்டுகள் இருக்கின்றன.

முதல் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பாலிச் சொல், அந்தப் பக்கம் மணிமேகலையை எழுதிய சாத்தனாரின் சொல். அவிஜ்ஜா: பேதைமை. பஸ்ஸ: ஊறு. தண்ஹா: வேட்கை. ‘வேதனா’ வந்ததும் நின்றுவிட்டேன். ‘வேதனை’ என்று எழுதியிருந்தால் வலி மட்டும்தான் தெரிந்திருக்கும். பாலியில் அது இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை மூன்றையும் குறிக்கும். சாத்தனார் ‘நுகர்வு’ என்கிறார். மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. அதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தச் சொற்கள் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த கதை பெரிது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஐயம் கேட்கக் கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்தார்கள். மணிமேகலைக்கு அப்படி யாரும் இல்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மளூர் ரங்காசாரியார் என்ற பேராசிரியர் ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் குறிப்பெடுத்துக்கொண்டார். 1898-இல் மணிமேகலை வந்தபோது புத்தர் வரலாறு, தருமம், சங்கம் பற்றி ஐயர் எழுதியவையும் கூடவே வந்தன. மறந்துபோன ஒரு சமயத்தைத் தமிழர்கள் பலருக்கு மறுபடி அறிமுகம் செய்தவை அந்தக் குறிப்புகள்.

மணிமேகலையாவது முழுதாகக் கிடைத்தது. ஐம்பெருங்காப்பியங்களில் இன்னொரு பௌத்த நூலான குண்டலகேசி போய்விட்டது. மிஞ்சிய பாடல்களில் 19 புறத்திரட்டு என்ற தொகுப்பில் இருக்கின்றன. பிடித்த பாடல்களை ஏட்டில் எடுத்தெழுதி வைத்த அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இன்னும் சில நீலகேசியின் உரையில் கிடைத்தன. நீலகேசி குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல். அதற்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், மறுக்கும் நூலையும் நேர்மையாகக் குறித்து வைத்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலின் உரையில் மேற்கோளாக வந்த புத்தர் துதிகளும் இப்படிப் பிழைத்தவையே. மயிலை சீனி. வேங்கடசாமி இவற்றையெல்லாம் தேடித் திரட்டி 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதினார். தமிழ்ப் பௌத்தத்தில் பாதிக்கு மேல் பிறர் குறிப்பில் தங்கியது என்று எனக்குக் காட்டிய புத்தகம் அது.

வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் போதிசத்துவர் அவலோகிதர் என்கிறார். எங்கள் பேராக் மாநிலத்தில், பீடோர் ஈய லம்பத்தில், 1936-இல் எட்டுக் கைகளோடு ஒரு வெண்கல அவலோகிதர் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தார். வடக்கே எல்லை தாண்டினால் கெடா, பழைய கடாரம். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, 1006-ஐ ஒட்டி, ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய நாளிலிருந்து, சஞ்சிக்கூலியாகக் கப்பலேறி வந்த எங்களுக்கு இந்தக் கடல் இன்னும் பழைய உறவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன்.

1979-இல் எழுதிய கேள்விக்கு விடை புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம் கேட்டேன். கடைப் பெரியவர் தைலத்தை எடுக்கவில்லை. “முதல்ல நோயோட நிதானம் பார்க்கணும்மா, எதனால வந்துச்சுன்னு” என்றார். காரணம் என்ற பொருளோடு அந்தச் சொல் வைத்தியர் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கேள்விக்குக் கீழே 1986 என்று போட்டு அதை எழுதினேன்.

பன்னிரண்டில் ஒன்று மட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது: பவம். சாத்தனார் அதை ஏன் அப்படியே விட்டார்? கீழே நான்கு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.