விலை வீழ்ந்த பங்கும் விடாத பற்றும்: 1865ஆம் ஆண்டு பம்பாய் தரும் படிப்பினை

வாங்கிய விலையைவிடத் தாழ்ந்துவிட்ட முதலீட்டை விற்று நட்டத்தை ஏற்பதா, மீண்டும் ஏறும் என்று காத்திருப்பதா என்னும் வினா வணிகக் குடிகளுக்குப் புதியதன்று. 1865ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் செல்வர், தரகர், எழுத்தர் எனப் பலதரப்பட்டோரையும் அவ்வினா ஒருசேர வாட்டியது. அந்நிகழ்ச்சியின் நடுநாயகமாக நின்றவர் சூரத்தில் 1831இல் பிறந்த பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் சமணப் பெருவணிகர். ஆதலின் அவ்வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் கடற்படை தென்னகத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. இலங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது அரிதாயிற்று. ஆங்கிலேய ஆலையதிபர்கள் இந்தியப் பருத்தியை நாடினர். பம்பாயில் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. நகருக்குள் பாய்ந்த பெரும்பணம் தங்குவதற்கு இடம் தேடியது. புதிய வங்கிகளும், நிதி நிறுவனங்களும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. பிரேம்சந்த் ஆதரிக்கும் பங்கு ஏறியே தீரும் என்ற நம்பிக்கை கடைவீதியில் வேரூன்றியது.

அவற்றுள் பெரும்பெயர் பெற்றது பேக் பே நிறுவனம். நகரின் மேற்குக் கரையோரக் கடலைத் தூர்ப்பது அதன் நோக்கம். 5,000 ரூபாய் செலுத்தப்பட்டிருந்த அதன் பங்கு 50,000 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. பம்பாய் வங்கி, 1863ஆம் ஆண்டின் புதிய சட்டம் தந்த உரிமையைக் கொண்டு, பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கியது. அக்கடனால் மேலும் பங்குகள் வாங்கப்பட்டன. அதனால் விலை மேலும் ஏறியது. பங்கைக் கையிற்கொள்ளாமலே, பின்னொரு நாளில் பணம் தந்து பெற்றுக்கொள்வதாக உறுதி கூறும் தவணை ஒப்பந்தங்களும் பெருகின. அவற்றுள் மிகப் பலவற்றிற்குத் தவணை நாள் 1865 ஜூலை 1.

1865 ஏப்ரலில் தென்னகப் படைத்தலைவர் இலீ சரணடைந்தார். போர் முடிந்த செய்தி எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. பங்குகளின் விலையும் உடன் சரிந்தது. ஜூலை முதல் நாளில் வாங்குவோரிடம் பணம் இல்லை. விற்போரிடம் பங்கு இல்லை. 2,850 ரூபாய்க்கு விலைபோன பம்பாய் வங்கிப் பங்கு பின்னர் 87 ரூபாய்க்கு இறங்கியது. பேக் பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே வீழ்ந்தது.

விற்பதா, வைத்திருப்பதா என எண்ணிப் பார்க்கும் உரிமை அன்று எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கடன்பட்டு வாங்கியவருக்குத் தவணை நாளே தீர்ப்பு நாளாயிற்று. பொருள் நல்லதாயினும், அது தேறும்வரை பொறுத்திருக்கும் வலிமை அவர்க்கில்லை. தம் சொந்தப் பொருளால் வாங்கியவரும் தடையின்றிக் காத்திருக்க இயலவில்லை. பல நிறுவனங்களில் பங்கின் முகமதிப்பில் ஒரு பகுதியே செலுத்தப்பட்டிருந்தது. நிறுவனம் கேட்டால் எஞ்சியதையும் செலுத்துவது பங்கை வைத்திருப்பவரின் கடமை. வாளா காத்திருப்பதற்கும் விலையுண்டு என்பதைப் பலர் காலங்கடந்தே உணர்ந்தனர்.

காத்திருக்க வல்லவர்க்கு வரலாறு இருவகை விடை தந்தது. எல்பின்ஸ்டன் நில நிறுவனமும் கடலைத் தூர்க்கும் நிறுவனமே. ஆயினும் அது நகரின் கிழக்குக் கரையில் மெய்யாகவே நிலம் மீட்டிருந்தது; கப்பல்கள் சரக்கு இறக்கும் இடங்களையும் அமைத்திருந்தது. 1870ஐ ஒட்டி அரசு அதன் உடைமைகளை விலைக்கு வாங்கியது. 1873இல் அமைந்த பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு அவையே அடிப்படையாயின. பேக் பே நிறுவனமோ கலைக்கப்பட்டது. அத்திட்டத்தை அரசு பெருமளவில் மேற்கொண்டது 1920களில்தான். கடல் நிலமாகும் என்ற கணிப்பு பொய்க்கவில்லை; ஆனால் 1865இல் பங்கு வைத்திருந்தவர்க்கு அதனால் பயனில்லை. எண்ணம் சிறந்தது என்பது வேறு, அதன் பெயரால் விற்கப்படும் தாள் சிறந்தது என்பது வேறு. பங்கின் பின்னால் இன்று என்ன இருக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. நாம் என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சந்தை நினைவில் வைத்திருப்பதில்லை.

நட்டத்தை உடன் ஏற்றவர்க்கு ஒரு சான்று நசர்வான்ஜி டாடா. வீழ்ச்சியில் சிக்கிய அவர் தம் வீட்டையே விற்றுக் கடமைகளை நிறைவேற்றினார். அப்போது இலண்டனில் இருந்த அவர் மைந்தர் ஜம்ஷெட்ஜி, கடன் கொடுத்தோரிடம் நிலையை ஒளிக்காது எடுத்துரைத்து அவர்தம் நம்பிக்கையைப் பெற்றார். சில ஆண்டுகளில் அக்குடும்பம் மீண்டெழுந்தது. 1877இல் நாகபுரியில் எம்பிரஸ் ஆலையை இயக்கியது. வீடு போயிற்று, நாணயம் நின்றது.

இவ்விடத்தில் நம் அறநூல்கள் கூறும் நான்கு கஷாயங்கள் நினைவுக்கு வருகின்றன: வெகுளி, மானம், மாயை, உலோபம். உச்ச விலையில் வாங்கத் தூண்டியது உலோபம் என்பது வெளிப்படை. வீழ்ந்தபின் விற்க விடாமல் தடுப்பதோ பெரும்பாலும் மானம், அதாவது நம் கணிப்பு தவறாகாது என்னும் செருக்கு. "விற்காதவரை நட்டமில்லை" என்று நம்மை நாமே ஏய்த்துக்கொள்வது மாயை. பற்று ஆதாயத்தின்மேல் மட்டும் பிறப்பதன்று. முன்பிருந்த விலையின்மேலும் பிறக்கும்.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பொருளே ஈட்டாதே என்று சொல்லவில்லை. அளவை முன்னரே வரையறுத்துக்கொள் என்கிறது. இந்த அளவிற்குமேல் ஒரே பங்கில் இடுவதில்லை, கடன்பட்டு வாங்குவதில்லை என்று முன்னரே வரையறுத்த குடும்பத்தை 1865 ஜூலை 1 வீதிக்குக் கொண்டுவந்திருக்காது.

பிரேம்சந்தும் பெருஞ்செல்வத்தை இழந்தார். பம்பாய் வங்கி 1868இல் கலைக்கப்பட்டது. ஆயினும் வீழ்ச்சிக்கு முன், 1864இல், பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகத்துக்கென 2 இலட்சமும், தம் அன்னை இராஜாபாய் பெயரில் மணிக்கூண்டுக்கென 2 இலட்சமும் அவர் வழங்கியிருந்தார். 280 அடி உயரமுள்ள அக்கூண்டு 1878இல் நிறைவுற்றது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்புடைய அவ்வன்னைக்குப் பொழுதறிய அம்மணி உதவியது என்பது வழிவழி வழங்கும் செய்தி. பிரேம்சந்த் தளர்ந்துவிடவில்லை. 1875இல் பங்குத் தரகர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக விளங்கினார். 1906 வரை வாழ்ந்தார். அவர் வைத்துக்கொண்ட பங்குகள் கரைந்தன. கொடுத்துவிட்டது இன்றும் நிற்கிறது.

வீர நிர்வாண நாளை ஒட்டிப் பழைய கணக்கை முடித்துப் புதுக்கணக்கு எழுதும் மரபு நம்மிடையே உண்டு. அந்நாளில் நட்டத்தில் உள்ள ஒவ்வொரு முதலீட்டின்மீதும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இது என்னிடம் இல்லையெனில் இன்றைய விலைக்கு இதனை வாங்குவேனா? இது மீள்வதற்கு ஆகும் காலம்வரை எவர் பணத்திற்கும் பதில் சொல்ல வேண்டாத நிலையில் இருக்கிறேனா? இதனை விடாதிருப்பது ஆராய்ந்தறிந்த காரணத்தாலா, மானத்தாலா? முதல் இரண்டிற்கும் ஆம் என்று விடை வருமாயின், மூன்றாவதற்கும் காரணம் தெளிவாகுமாயின், பொறுமையே அறிவுடைமை. அல்லாவிடில், பழைய விலையைப் பழைய ஏட்டோடு கட்டி வைத்துவிட்டுப் புதிய ஏட்டைத் திறப்பதே நன்று.