ஐந்து நாய்களும் ஒரு சால்வையும்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் ஐந்து நாய்கள். ஐந்தும் தெருவிலிருந்து வந்தவை. எட்டு ஆண்டுகளுக்கு முன், பாதி முடிந்த லேஸ் சால்வையை ஊசிகளோடு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினேன். கம்பளி நூலில் லேஸ் பின்ன அமைதியான வீடும் ஓய்வான பெண்ணும் வேண்டும் என்று நம்பியிருந்தேன். படுக்கையில் மாமியார், பரீட்சைக்குப் படிக்கும் மகன், நாய்களுக்குச் சோறு என்று ஓடிக்கொண்டிருந்த நான் அந்தப் பெண் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தேன். சால்வையின் பின்னல் ‘ஓல்ட் ஷேல்’ வகை. அலை வடிந்த மணலின் வரிகள் போலிருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பின்னியது. இம்முறை, இதையெல்லாம் பின்னிய பெண்கள் யார் என்று தேடிப் படித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவுகளின் ஆண்கள் திறந்த படகுகளில் ஆழ்கடலுக்குப் போனார்கள். 1881இல் ஒரே புயலில் 58 பேர் திரும்பவில்லை. நிலமும் மாடும் அடுப்புக்கான எரிமண்ணும் பெண்கள் பொறுப்பு. முதுகில் எரிமண் கூடையைச் சுமந்து நடக்கும்போதே காலுறை பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் பட்டையில் ஓர் ஊசியைக் குத்திக்கொண்டால் ஒரு கை எளிதாகும். மெல்லிய லேஸ் வீட்டுக்குள் உருவானது. அந்த வீட்டின் கூரையை ஒட்டியே மாட்டுத் தொழுவம். உள்ளே புகை, குழந்தைகள். மோதிரத்துக்குள் நுழையும் சால்வைகள் அங்கிருந்துதான் வந்தன.

அவற்றை அணிந்தவர்கள் வேறு பெண்கள். 1837இல் விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்து பின்னல்கள் பரிசாகப் போயின. பின்னர் லேஸ் சால்வை நாகரிகமானது. பின்னியவர்களுக்குக் கிடைத்தது? 1872இல் அரசு ஆணையம் லெர்விக்கில் விசாரித்தபோது பெண்களே வந்து சாட்சி சொன்னார்கள். வியாபாரி காசு தரமாட்டார். அவர் கடையிலேயே துணியும் தேயிலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு மாவு வேண்டுமென்றால் அந்தத் தேயிலையைப் பண்டமாற்றாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இது தூரத்துக் கதை மட்டுமல்ல. ஆந்திராவின் நரசாபூரில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய நூலிலும் இதே கணக்குதான். உலகச் சந்தைக்குப் போன அவர்கள் உழைப்பு, வீட்டில் சும்மா இருக்கும் பெண்களின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்டது. அப்படிக் கருதியதால்தான் கூலி அவ்வளவு குறைவாக இருக்க முடிந்தது.

என் ‘ஓய்வான பெண்’ எங்கிருந்து வந்தாள் என்று அப்போது புரிந்தது.

இப்போது நாய்களுக்கு நடுவில்தான் பின்னுகிறேன். ஓல்ட் ஷேலில் நான்கு வரிசைக்கு ஒன்றில்தான் கண்ணிகளை எண்ண வேண்டும். மற்ற மூன்றும் கைக்குத் தெரியும். நாய் குரைத்தால் எழுந்து போய் வரலாம். எட்டு வரிசைக்கு ஒருமுறை கண்ணிகள் வழியே வேறு நிற நூல் ஒன்றைக் கோத்துவிடுவேன். ஒருநாள் குட்டி கருப்பி நூலுண்டையை முற்றம்வரை இழுத்துப்போனது. பிரிந்தது பிரிந்தது, அந்த நூலோடு நின்றது. அங்கிருந்து மறுபடி தொடங்கினேன். உட்காரும் நேரத்தைக் காலண்டரில் குறித்தும் வருகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா சால்வையைத் தொட்டுப் பார்த்தார். “சும்மாதானே இருக்கே, என் மக பிரசவத்துக்கு ஒண்ணு பின்னிக் குடேன். நூலு நான் வாங்கித் தர்றேன்.”

வழக்கமாகச் சரி என்றிருப்பேன். “அக்கா, இதுக்கு இதுவரைக்கும் 94 மணி நேரம் ஆயிருக்கு” என்று காலண்டரைக் காட்டினேன்.

அக்கா தேயிலை பறிக்கப் போகிறவர். கூலிக் கணக்கு அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“மணிக்கு எவ்வளவு போடலாம்னு இருக்கே?”