சூரியக் காற்றை அளந்த வரலாறு



மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நடு ஆறு சீராக ஓடும். பாலத்துத் தூணருகே நீர் சுழித்துக் கொந்தளிக்கும். பெரிய சுழி உடைந்து சிறு சுழிகளாகும். அவையும் தேய்ந்து மறையும். இத்தகைய கொந்தளிப்பு விண்வெளியிலும் உண்டு. மனிதன் அதை அளந்த வரலாற்றை இன்று காண்போம்.

வால் நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். சூரியனிலிருந்து இடைவிடாமல் வரும் துகள்களே அதைத் தள்ளுகின்றன என்று 1951இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பியர்மான் கூறினார். 1958இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து இளைஞர் யூஜின் பார்க்கர், அது அதிவேகமாக வீசும் காற்று என்றும், சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது என்றும் கணக்கிட்டுக் காட்டினார். கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் அதை மறுத்தனர். ஆய்வேட்டின் ஆசிரியர் யார் தெரியுமா? தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்! அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கணக்கில் பிழை காணவில்லை. ஆகவே அதை வெளியிட்டார்.

1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலம் மரைனர் 2, அந்தக் காற்றை மாதக்கணக்கில் அளந்தது. வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர். பார்க்கர் சொன்னது மெய்யாயிற்று.

கொந்தளிப்பை எப்படி அளப்பது? ஆற்றில் கம்பு நட்டால் சுழிகள் ஒவ்வொன்றாக அதைக் கடந்து போகுமல்லவா? விண்கலமும் அந்தக் கம்பு போன்றதே. அதிலுள்ள காந்தமானி, புலத்தின் வலிமையையும் திசையையும் ஓயாமல் குறிக்கிறது. மெதுவான ஏற்ற இறக்கம் பெரிய சுழியைக் காட்டும். விரைவான துடிப்பு சிறு சுழியைக் காட்டும். மரைனர் 2 தந்த அளவுகளைக் கொண்டு, சூரியக் காற்று கொந்தளிப்பானது என்று 1968இல் பால் கோல்மன் விளக்கினார்.

1981இல் பர்லாகா என்பவரும் தோழர்களும் பல விண்கலங்களின் அளவுகளை ஒப்பிட்டு, 'காந்த மேகம்' என்ற அமைப்பை விவரித்தனர். சூரியனில் வெடித்துக் கிளம்பும் இம்மேகம் பூமியைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனுள்ளே புலம் வலிமையாக இருக்கும். திசை மெல்லத் திரும்பும். வேகமான மேகத்தின் முன்னே நெருக்குண்ட காற்றில்தான் கொந்தளிப்பு மிகுதி. தூணருகே நீர் சுழிப்பதைப் போன்றதே இது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மேகத்தின் புலமோ, முன்னே கொந்தளிக்கும் புலமோ தெற்கு நோக்கித் திரும்பினால், பூமியின் காந்தக் காப்பு திறந்துகொள்ளும். 1989 மார்ச் 13இல் எழுந்த காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரம் அறுந்தது. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் இருளில் தவித்தனர். அளவுகள் இருந்தால்தான் முன்னெச்சரிக்கை தர முடியும்.

2018இல் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் புறப்பட்டது. 91 வயதில் அவரே அதைக் கண்டு மகிழ்ந்தார். 2021இல் அது சூரியனின் வளிமண்டலத்துள் நுழைந்தது.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வோம்: ஒரு கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதனால் அது பொய்யாகிவிடாது. அளந்து பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.