ஷீட்டுக்குள் ஓர் இழை

யூரல் மலைப் பக்கம் அஸ்பெஸ்ட் என்ற பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அங்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கப்பலேறி இந்தியா வருகிறது. சிமெண்டோடு குழைத்து அலை அலையாக வார்த்தால் ஷீட். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்த் தெருக்களில் பல வீடுகளுக்கு அதுதான் கூரை. சித்திரை வெயிலில் மத்தியானம் அதன் கீழே தலைசாய்க்க முடியாது.

சிமெண்டின் பிடியில் இருக்கும்வரை கல்நார் இழை சாதுதான். கூரை போடும் கொத்தனார் போல்ட் மாட்டத் துளை போடுகிறார், மிஞ்சியதை ஒரு சாண் அறுக்கிறார். வாயில் துண்டு கட்டியிருக்கிறார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைக்குத் துண்டு ஒரு தடையா? அன்றைக்கு இருமல்கூட வராது. ஆனால் ஷீட் போடுவதே அவர் பிழைப்பு, நாளைக்கும் அறுப்பார்.

நுரையீரலின் கடைசிக் காற்றறையில் இழையை விழுங்க ஒரு செல் வருகிறது. இழை செல்லைவிட நீளம், முழுங்க முடியவில்லை. சில இழைகள்மேல் உடம்பு இரும்பும் புரதமும் பூசிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பொன்பழுப்பு நிறத்தில், மணி கோத்த குச்சிபோலத் தெரியும். இங்கிலாந்தில் 1924-ல் இறந்த ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷாவின் நுரையீரலைச் சோதித்த டாக்டர் குக், 1927-ல் கல்நார் இழையால் வரும் நுரையீரல் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வைத்தார்.

இழையைத் தேடும் முறை எளிது. அறுவையிலோ பிரேதப் பரிசோதனையிலோ கிடைத்த துண்டைச் சலவைக்கான வெளுப்புத் திரவத்தில் ஊறவைத்தால் சதை கரையும், கல்நார் தங்கும். வடிகட்டி எண்ணுவார்கள். உலர்ந்த எடையில் கிராமுக்கு 1,000 மணிக்குச்சிகளைத் தாண்டினால், தொழிலில் சுவாசித்தது பெரும்பாலும் உறுதி என்கிறது 1997-ன் ஹெல்சிங்கி வரையறை.

சிக்கல் இங்கேதான். நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் நுரையீரலிலேயே குடியிருக்கும், வெள்ளைக் கல்நார் அப்படியில்லை. உடைந்து துகளாகிப் பெரும்பாலும் வெளியேறிவிடும், பூச்சும் அதிகம் படியாது. நோய் தலைகாட்டவோ இருபது, முப்பது வருஷம். சாட்சி ஊரைவிட்டுப் போன பிறகு வழக்கு விசாரணைக்கு வருகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் 'இவர் கல்நாரைச் சுவாசிக்கவே இல்லை' என்று எழுதிவிட முடியாது.

ஆகவே வேலை வரலாறுதான் பெரிய சாட்சி. கல்நார் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷமாவது வைத்திருக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1995-ல். ஆலைக்குச் சரி, கூரைக் கொத்தனாருக்கு ஏது பதிவேடு?

மூச்சு வாங்குகிறது என்று வந்தால் எங்கள் பக்கம் முதல் கேள்வி, "பட்டாசு ஆபீஸ்லயா வேலை?" இன்னொன்றும் கேட்கலாம்: "அண்ணாச்சி, ஷீட் அறுத்திருக்கீங்களா?"