டாம்கேட் விமானங்களின் அழிவு: பாதுகாப்பு நியாயமும் சரித்திரச் சாட்சியமும்

அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் 32 ஆண்டுகள் பணிபுரிந்து, 2006 செப்டம்பர் 22 அன்று முறைப்படி விடைபெற்ற எஃப்-14 டாம்கேட் என்னும் போர் விமானங்களுள் எஞ்சி நின்றவற்றில் பெரும்பாலானவை, அடுத்த சில ஆண்டுகளுக்குள் அரிசோனா மாநிலத்துப் பாலைவனக் கிடங்கில் அரைபட்டு உலோகக் குவியலாயின. இதைக் குறித்து எழுந்த வாதங்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன. தேசப் பாதுகாப்பின் பொருட்டு அழிவு தவிர்க்க முடியாதது என்பது ஒரு கட்சி. இத்தனை அழகான யந்திரத்தை நொறுக்க எப்படி மனம் வந்தது என்பது மற்றொன்று. இரண்டாம் கட்சியின் ஆதங்கத்தில் எனக்கு அனுதாபம் உண்டென்றாலும், எத்தனை விமானங்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற எண்ணிக்கை விவகாரத்திலேயே இரு சாராரும் நின்றுவிட்டதால், விமானத்தின் எந்தப் பகுதி சரித்திரத்துக்குச் சாட்சியமாகிறது என்ற கேள்வி விசாரிக்கப்படாமலே போயிற்று என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

பாதுகாப்பு நியாயத்தின் வேர் ஈரானில் இருக்கிறது. சோவியத் நாட்டு மிக்-25 உளவு விமானங்கள் தம் நாட்டு வானத்தில் தடையின்றிப் பறந்து செல்வதைச் சகிக்க மாட்டாத ஷா முகமது ரேசா, 1973 ஜூலையில் வாஷிங்டனை அடுத்த ஆண்ட்ரூஸ் தளத்தில் எஃப்-14, எஃப்-15 ஆகிய இரண்டையும் பறக்கவிட்டுப் பார்த்து முன்னதைத் தேர்ந்தெடுத்தார். 80 விமானங்களுக்கு ஒப்பந்தமாகி, 1976 ஜனவரி முதல் 79 விமானங்கள் ஈரானுக்குச் சென்று சேர்ந்தன. எண்பதாவது அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. 1979-இல் ஷாவின் ஆட்சி கவிழ்ந்து, அவ்வாண்டு நவம்பரில் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தார் பணயக் கைதிகளான பிறகு, உலகில் இந்த விமானத்தைப் பறக்கவிட்ட தேசங்கள் இரண்டே. அவ்விரண்டும் பகை நாடுகள். ஈராக்குடன் எட்டாண்டு நடந்த யுத்தத்தில் ஈரான் இவற்றை ஓயாமல் பயன்படுத்தியதால், உதிரி பாகங்களின் தேவை அந்நாட்டுக்குத் தீராத தேவையாகவே இருந்து வந்தது. 2006-இல் அமெரிக்கக் கடற்படை டாம்கேட்டைக் கைவிட்டதும், அந்தப் பாகங்களுக்கு உலகில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் மிஞ்சினார்.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அபாயம் என்று சொல்லப்பட்டது இரகசியம் வெளியாகும் அபாயமன்று. ஈரான் வாங்கிய முதல் வகை விமானத்தின் ராடார், இயந்திரம், இறக்கையைத் திருப்பும் அமைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் ஈரானிடம் 1970களிலேயே முழுப் பிரதிகள் இருந்தன. அமெரிக்கப் பொறியாளர்களே அங்கு போய் அவற்றைப் பராமரிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அஞ்சப்பட்டது அறிவு கைமாறுவதை அன்று, சரக்கு கைமாறுவதை. அறிவு ஒருமுறை வெளியேறினால் திரும்பாது. சரக்கோ விற்பனையில் இருக்கும் வரையில்தான் அபாயம். பூட்டிய அறைக்குள் கிடக்கும் ராடார் யாருடைய விமானத்தையும் பறக்க வைக்காது. அப்படியானால் விற்பனையை நிறுத்துவதே போதுமான பரிகாரமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பரிகாரம் செய்யவும் பட்டது: 2007 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா டாம்கேட் பாகங்களின் விற்பனையை நிறுத்தி வைத்தது, 2008 ஜனவரி 28 அன்று கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் அதை நிரந்தரத் தடையாக்கிற்று. பாலைவனக் கிடங்கு அமைந்த டூசான் பகுதியின் பிரதிநிதி கேப்ரியல் கிஃபர்ட்ஸும் செனட்டர் ரான் வைடனும் இதற்காக முனைந்து நின்றவர்கள். அச்சட்டத்திலேயே, சரித்திர நோக்கத்துடன் விமானத்தைப் பேணும் காட்சிசாலைகளுக்கு விலக்கும் இடம்பெற்றிருந்தது.

விற்பனை நின்றுவிட்ட பிறகும் அரைவை ஏன் நடந்தது? அரசாங்கத்துக்குத் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை இல்லாமற் போனதே காரணம் என்று கருதுகிறேன். 2006-இல் அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அலுவலகத்தார் வேற்றாள் போல வேடமிட்டு உபரிச் சரக்குக் கிடங்குகளுக்குப் போய், வெளியே விடக் கூடாத இராணுவப் பொருள்களைச் சாதாரணமாக விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். 2007 மார்ச்சில் கலிபோர்னியாவில் நான்கு டாம்கேட்டுகளை மத்திய அதிகாரிகள் கைப்பற்றியபோது, அவற்றுள் சில காட்சிசாலைகளிலேயே நின்றுகொண்டிருந்தன. விதிப்படி செயலிழக்கச் செய்யாமலே அவற்றைக் கடற்படை கைவிட்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. எந்தத் திருகாணி அபாயமற்றது, எந்தப் பெட்டி அபாயமானது என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் அந்தக் கிடங்கு நிர்வாகத்துக்கு இல்லை என்பது இவ்வாறு அம்பலமான பிறகு, பிரிக்கும் வேலையே தேவைப்படாத வழியொன்றை மேலிடம் தேடியதில் வியப்பில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துவிட்டால் பட்டியல் எதற்கு? நிர்வாகத்தின் தளர்ச்சிக்கு விமானம் தண்டனை அனுபவித்தது என்றும் இதைச் சொல்லலாம்; ஆனால் அந்தத் தளர்ச்சி கற்பனையன்று என்பதையும், திருட்டுக்கு வாய்ப்பு மெய்யாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளாத விமரிசனம் நேர்மையானதாகாது.

அரைவை எத்தகையது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விமானி தப்பிக்கும் இருக்கைகளில் உள்ள வெடிமருந்துக் குப்பிகள் முதலில் நீக்கப்படும். எரிபொருளும் எண்ணெயும் வடிக்கப்படும். பிறகு நண்டின் கொடுக்கைப் போன்ற நீரழுத்தக் கத்தரி பொருத்திய யந்திரம் வாலையும் இறக்கையையும் கவ்விக் கிழிக்கும். ஆயினும் டாம்கேட் எளிதில் இசையும் உடலன்று. கப்பல் தளத்தில் ஏறக்குறைய விழுவது போலவே இறங்க வேண்டிய விமானமாதலால் அதன் சக்கரக் கால்கள் அசாதாரண உறுதியுடன் செய்யப்பட்டவை. 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பறக்கும்போதே பின்னோக்கித் திரும்பும் இறக்கைகளைத் தாங்கிய நடுப்பெட்டி, வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்த டைட்டானியத்தால் ஆனது. வாலின் கிடைத்தகடுகளோ போரான் இழைக் கலவையால் போர்த்தப்பட்டவை. உற்பத்தி விமானமொன்றில் அந்தக் கலவை இடம்பெற்றது அதுவே முதல் தடவை. உலோகவியல் சரித்திரத்தில் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயமாகத் தக்க இந்தப் பொருள்கள், காயலான் கடைக் கணக்கில் ஒரே எடையாகச் சேர்ந்துவிட்டன.

இருந்தாலும் வெளியுடலைப் பொறுத்தவரையில் பெருநஷ்டம் நேர்ந்துவிட்டதாக நான் வாதிக்கவில்லை. மொத்தம் கட்டப்பட்டவை 712. அவற்றுள் பல பத்து விமானங்கள் அமெரிக்கக் காட்சிசாலைகளில் இன்றும் நிற்கின்றன. வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உட்வார்-ஹேஸி மண்டபத்தில் இருப்பது, 1989 ஜனவரி 4 அன்று லிபியாவின் மிக்-23 விமானங்களை எதிர்த்து நின்ற ஜோடியில் ஒன்று. 2022-இல் வெளிவந்த திரைப்படமொன்றில் டாம்கேட் வேடம் பூண்டதும் சான் டீகோ காட்சிசாலையின் பிரதியே. ஆனால் இவை பெரும்பாலும் கூடுகள். ராடாரும் ஆயுதக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் விதிப்படி நீக்கப்பட்டவை. கூட்டைக் காப்பாற்றி உயிரை விட்டுவிடும் வழக்கம் விமானக் காட்சிசாலைகளில் இயல்பாகவே வேரூன்றிவிட்டதால், ‘பாதுகாக்கப்பட்டது’ என்று நாம் சொல்லும்போது எது பாதுகாக்கப்பட்டது என்று யாரும் வினவுவதில்லை.

அந்த உயிர் எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வேகத்துக்கும் உயரத்துக்கும் தக்கபடி இறக்கையின் கோணத்தைக் கணத்துக்குக் கணம் கணித்துத் திருப்பிக்கொண்டிருந்தது ஒரு சிறு பெட்டி: மத்தியக் காற்றுத் தரவுக் கணினி. காரட் ஏர்ரிசர்ச் நிறுவனத்துக்காக ஸ்டீவ் கெல்லர், ரே ஹோல்ட் முதலியோர் 1968-இல் தொடங்கி 1970-இல் முடித்த அதன் சில்லுத் தொகுதி, 1971 நவம்பரில் இன்டெல் 4004 என்னும் நுண்செயலி சந்தைக்கு வருமுன்பே உருவானது. பல சில்லுகளின் தொகுதியாதலால் அதை நுண்செயலி என்று அழைக்கலாமா என்பதில் கணினிச் சரித்திரக்காரர்களிடையே இன்னும் தகராறு உண்டு. ஆனால் தகராறு நடப்பதற்கே 1998 வரை வழியில்லாமல் இருந்தது. 1971-இல் ஹோல்ட் எழுதிய கட்டுரையை வெளியிடக் கடற்படை அனுமதிக்கவில்லை. 27 ஆண்டுகள் கழித்தே தடை நீங்கிற்று. அதுவரை விஞ்ஞான உலகம் அறிந்திருந்த கணினிச் சரித்திரத்தில் அந்த அத்தியாயமே இல்லை. ஒரு யந்திரத்தின் உள்ளே எது அருமையானது என்பது அதை ஓய்வு கொடுத்து அனுப்பும் தருணத்தில் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை. பாதுகாப்பு விதி முதலில் பிடுங்கி எறியச் சொல்வதும் இத்தகைய உள்ளுறுப்புகளையே.

அழிவு எல்லாம் ஒரே தன்மையது அன்று. அதே டூசான் கிடங்கில், 1991-இல் ஒப்பமான ஆயுதக் குறைப்பு உடன்படிக்கையின்படி, 365 பி-52 குண்டுவீச்சு விமானங்கள் சுமார் 6 டன் எடையுள்ள எஃகுக் கத்தியைப் பாரந்தூக்கியிலிருந்து விழவிட்டு வெட்டப்பட்டன. ரஷ்யச் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளும்படி துண்டுகள் வெட்டவெளியிலே விடப்பட்டன. அங்கே அழிவே ஆவணமாயிற்று. கனடாவிலோ, 1959 பிப்ரவரி 20 அன்று கைவிடப்பட்ட ஏவ்ரோ ஏரோ விமானங்களோடு வரைபடங்களும் அச்சுக்கருவிகளும்கூட ஒழிக்கப்பட்டு, ஓட்டாவா காட்சிசாலைக்கு மிஞ்சியது ஒரு மூக்குப்பகுதியும் சில துணுக்குகளுமே. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டில் அதைப் பற்றிய வதந்திகள் ஓயாததற்கு ஆவணம் இல்லாமையே முக்கிய காரணம். இவ்விரண்டுக்கும் வேறான மூன்றாவது வழியும் அமெரிக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. டாம்கேட்டைவிடப் பன்மடங்கு இரகசியமான எஃப்-117 விமானங்கள் 2008 ஏப்ரலில் ஓய்வு பெற்றதும், நெவாடாவில் டோனபா என்னும் ஒதுக்குப்புறத் தளத்தின் கொட்டகைகளில் பூட்டி வைக்கப்பட்டன. தேவைப்பட்டால் மீண்டும் பறக்கவிடலாம் என்ற யோசனையே அதற்குக் காரணம். சரித்திர ஆர்வம் அல்ல. எனினும் கதவு பூட்டியிருந்ததன் பலனாக, பின்னர் சட்டம் தளர்ந்தபோது, ராடாருக்குத் தென்படாமல் காக்கும் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிலவற்றைக் காட்சிசாலைகளுக்கு அளிக்க முடிந்தது. டாம்கேட்டுக்கு அந்தப் பொறுமை கிட்டவில்லை.

நான் கேட்பது நூற்றுக்கணக்கான விமானங்களை அன்று. முதல் வகையில் ஒன்று, இயந்திரம் மாற்றப்பட்ட இரண்டாம் வகையில் ஒன்று, இறுதி வகையான டி-யில் ஒன்று என மூன்று விமானங்களின் முழு உள்ளுறுப்புகளும், அவற்றின் பராமரிப்பு ஏடுகளோடு, கெடு குறித்து முத்திரையிட்ட காப்பறையில் வைக்கப்பட்டிருந்தால் போதும். கெடுவை நிர்ணயிப்பதும் கடினமன்று. ஈரானிடம் பறக்கக்கூடிய டாம்கேட் உள்ள வரையில் திறக்கலாகாது என்றே விதித்திருக்கலாம். 2025 ஜூனில் டெஹ்ரான் விமான நிலையத்தில் நின்ற டாம்கேட்டுகளைத் தாக்கியதாக இஸ்ரேல் அறிவித்தது; அந்தக் கெடு முடிவற்றதன்று என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இத்தகைய காப்பறையிலும் களவு நேராதா என்று கேட்பவர்களுக்கு, டெக்சாஸில் பான்டெக்ஸ் என்னுமிடத்தில் கழற்றிய அணுகுண்டுகளின் புளுட்டோனியக் கருக்களையே பல்லாண்டுகளாகக் காவலில் வைத்திருப்பது அதே அரசாங்கம்தான் என்பதைச் சுட்டுவேன். உபரிச் சரக்கைத் தள்ளிவிடுவதே தொழிலாகக் கொண்ட அலுவலகத்திடம் இந்தப் பொறுப்பை விடாமல், கடற்படையின் சரித்திரப் பிரிவிடம் ஒப்படைத்திருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. டாம்கேட்டின் இடத்தைப் பின்னர் பகிர்ந்துகொண்ட எஃப்/ஏ-18 ஹார்னெட்டின் பழைய வகைகள் இப்போது அதே பாலைவனத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றை இன்னும் பறக்கவிடும் நேச நாடுகள் சில உண்டாதலால் அங்கே பாகங்களுக்கு நியாயமான தேவையும் இருக்கிறது. காப்பறைக்குப் போக வேண்டியவை எவை என்ற பட்டியலைக் கழற்றும் வேலை முற்றுவதற்கு முன்னரே எழுதி முடித்தாக வேண்டும்.